காட்டுக்கு வேலி வயல்

“சுவாமி, குரங்கு பார்க்கிறதுக்குக் காசு குடுத்துக் காட்டுக்குள்ள போற ஆக்களும் இருக்கினமோ? எங்கட வளவுக்கு வரச் சொல்லுங்கோ. ஒரு சதமும் வேண்டாம். பொழுதுபடும் மட்டும் இருந்து பார்த்துப்போட்டுப் போகட்டும்.”

மீளக்குடியேறிய கிராமமொன்றில் முதியவர் ஒருவர் எம்மிடம் கேட்ட கேள்வி இது. அவரது வளவில் நின்ற தென்னைகளில் ஒரு குரும்பையைத்தானும் மிச்சம் வைக்காமல் குரங்குகள் பிடுங்கி எறிந்திருந்தன. நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வி எம்முடனேயே வந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், கிராம அபிவிருத்திப் பணியாளர்களின் கூட்டமொன்றிற்காக மடகஸ்கார் தீவுக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. கூட்டம் முடிந்ததும் எம்மில் ஆறு பேர், ரனோமபானா என்னும் மழைக்காட்டுக்கு வழிகாட்டியின் துணையோடு விலங்குகளைப் பார்க்கப் புறப்பட்டோம். காசு கொடுத்துத்தான் போனோம். குரங்கின் தூரத்து உறவினரைப் பார்க்கத்தான் போனோம். அங்கு நாம் கண்டவற்றுள் விலங்குகள் பாதி. அக்காட்டின் ஓரத்தில் வாழும் கமக்காரக் குடும்பங்கள் மறுபாதி. ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் அது முழுமையாகாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

சோற்றை நம்பி வாழும் தீவு

மடகஸ்கார் ஆபிரிக்காவுக்குக் கிழக்கே, எமது இந்து சமுத்திரத்திலேயே உள்ள தீவு. பரப்பில் இலங்கையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு பெரியது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் ஆபிரிக்கா, இந்தியா, இலங்கை, மடகஸ்கார் யாவும் ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன. முதலில் ஆபிரிக்காவும், பின்னர் சுமார் 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவும் பிரிந்து செல்ல, மடகஸ்கார் கடல் நடுவே தனித்து நின்றது. தனித்து நின்றபடியால் அங்குள்ள உயிர்களும் தனி வழியில் வளர்ந்தன. உலகிலுள்ள பச்சோந்தி இனங்களில் ஏறத்தாழப் பாதி அத்தீவிலேயே உண்டு. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை எமது வாசகர்களில் பலர் அறிவர். அந்த மரத்தின் குடும்பத்தில் உலகிலுள்ள எட்டு இனங்களுள் ஆறு மடகஸ்காரைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

அங்கு குரங்கே இல்லை. குரங்கின் இடத்தில் இருப்பவை லெமூர் எனப்படும் விலங்குகள். எமது காடுகளில் இரவில் உலாவும் தேவாங்கு, லெமூரின் ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். நூற்றுக்கு மேற்பட்ட லெமூர் இனங்கள் அத்தீவில் உள்ளன. அவற்றில் நூற்றுக்கு 98 வீதமானவை அழியும் ஆபத்தில் உள்ளன என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2020 யூலையில் அறிவித்தது.

தலைநகரான அந்தனானரிவோவிலிருந்து தெற்கே செல்லும் பாதையில் நாள் முழுவதும் பயணஞ் செய்தோம். இருபுறமும் நெல் வயல்கள். மலைச் சரிவுகளில் படிபடியாக வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, நீரை ஒரு வயலிலிருந்து மற்ற வயலுக்கு இறக்குகிறார்கள். மாடுகளை வயலுக்குள் இறக்கி, மிதிக்கவிட்டுச் சேறாக்குகிறார்கள். எமது முன்னோர் எருமைகளைக் கொண்டு செய்த வேலைதான். தென்கிழக்காசியாவின் போர்னியோத் தீவுப் பக்கமிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே படகேறி வந்தோரும், ஆபிரிக்காவிலிருந்து வந்தோரும் கலந்து உருவான மக்கள் இவர்கள். மூன்று வேளையும் சோறு தின்பவர்கள். சோறு ஆக்கிய பின் பானையில் ஒட்டியிருக்கும் அடிப்பிடித்த சோற்றில் நீரை விட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். அதை எமக்கும் ஒரு கோப்பையில் தந்தார்கள். புகை மணத்தோடு நன்றாகவே இருந்தது.

மூங்கிலும் மரவள்ளியும்

ரனோமபானா என்றால் அவர்களது மொழியில் ‘சுடுநீர்’ என்று பொருள். அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ஊரையொட்டி நமரோனா என்ற ஆறு இரைச்சலோடு பாய்கிறது. ஆற்றின் இரு கரைகளிலும் மேலே மேலே காடு. 1991இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இக்காடு ஒரு இலட்சம் ஏக்கருக்குச் சற்று மேற்பட்டது.

வழிகாட்டி இல்லாமல் எவரும் பூங்காவுக்குள் செல்ல முடியாது. இது சட்டம். எமக்கு வழிகாட்டியாக வந்தவர் அருகிலுள்ள ஊரைச் சேர்ந்த முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசினார். அவரோடு இன்னொருவரும் வந்தார். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். காலில் பிளாஸ்ரிக் செருப்பு, கையில் ஒரு கத்தி. அவர் பேசவேயில்லை. காலை ஏழு மணிக்கு நாம் வாசலில் நின்றபோது அவர் எமக்கு முன்னரே காட்டுக்குள் போய்விட்டார். “அவர் தடம் பார்ப்பவர். விலங்கு எங்கே நிற்கிறது என்று பார்த்து எனக்குக் கூவிச் சொல்லுவார்” என்றார் வழிகாட்டி.

பாதை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மழை ஓய்ந்திருந்தாலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அட்டைகள் காலில் ஏறின. ஒரு மணித்தியாலம் நடந்திருப்போம். தூரத்தில் ஒரு கூவல். வழிகாட்டி பாதையை விட்டு மூங்கில் பற்றைக்குள் இறங்கினார். நாமும் வேரைப் பிடித்து, கொடியைப் பிடித்து இறங்கினோம்.

தலைக்கு மேல் மூங்கிலில், பூனையளவு பருமனில், பொன்னிறம் கலந்த கபில நிற விலங்கு ஒன்று அமர்ந்திருந்தது. குருத்தை ஒடித்து, மேல் மடலைப் பல்லால் உரித்து, உள்ளே இருந்த இளந்தண்டை அவசரமில்லாமல் கடித்துத் தின்றது. எம்மைப் பார்த்தது, பின்னர் மறுபடியும் தின்றது. இதுதான் பொன்மூங்கில் லெமூர். அமெரிக்க ஆய்வாளர் பற்றீசியா ரைட் அம்மையார் 1986இல் இக்காட்டுக்கு வந்தது வேறொரு லெமூரைத் தேடித்தான். அழிந்துபோயிற்று என்று பலர் நினைத்த பெரிய மூங்கில் லெமூரைத் தேடி வந்த இடத்தில், விஞ்ஞான உலகம் அறியாத இப்பொன்னிற விலங்கையும் கண்டார்கள். 1987இல் இது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ரனோமபானா பூங்கா அமைவதற்கு இந்தக் கண்டுபிடிப்பே தூண்டுகோலாயிற்று.

இவ்விலங்கு தின்னும் மூங்கில் குருத்தில் சயனைட் என்னும் நஞ்சு உண்டு. ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்தச் சிறு உயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ குருத்தைத் தின்கிறது. இதன் எடைக்கு இதைக் கொல்லப் போதுமான நஞ்சைப்போல் பன்னிரண்டு மடங்கு தினமும் அதன் வயிற்றுக்குள் போகிறது. ஆயினும் அது சாவதில்லை. எப்படித் தாங்குகிறது என்பதை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்கிறார்கள். எமது மரவள்ளியிலும் இருப்பது இதே வகை நஞ்சுதான். அதனாற்றான் எமது தாய்மார் மரவள்ளியைத் திறந்த பானையில் நன்றாக அவித்து, அவித்த நீரை ஊற்றிவிடுகிறார்கள். இதை வழிகாட்டியிடம் சொன்னோம். அவர் தமது தாயும் அப்படியே செய்வார் என்றார். அவ்வளவு நேரமும் பேசாதிருந்த தடம் பார்ப்பவரும் அதை மொழிபெயர்த்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

தந்தையும் மகளும்

பெரிய மூங்கில் லெமூரையும் பார்த்தோம். இரண்டு நின்றன. பூங்காவின் இந்தப் பகுதியில் எஞ்சியிருப்பவை இந்த இரண்டுமே என்று வழிகாட்டி சொன்னார். ஒன்று வயதான தந்தை, மற்றது அதன் மகள். தீவின் வேறு சில காடுகளில் இவ்வினத்தின் கூட்டங்கள் உள்ளன. இங்கோ ஒரு கூட்டம் இருந்த இடத்தில் இந்த இருவர்தாம். எங்கே போனாலும் சேர்ந்தே போகின்றன, சேர்ந்தே உறங்குகின்றன என்றார்.

எம்மோடு வந்தவர்கள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெரிய குடும்பத்தில் எஞ்சியவர்களாக ஒரு தகப்பனையும் மகளையும் மட்டும் கொண்ட வீடுகளை நாம் எமது பணித்தளங்களில் கண்டிருக்கிறோம். விலங்கையும் மனிதரையும் ஒப்பிடுவது சரியல்ல. ஆயினும் நினைவு வந்தது. மறைக்கவில்லை.

திரும்பும் வழியில் கருமையும் வெண்மையுமான சிபாகா லெமூர்களைக் கண்டோம். நிமிர்ந்த உடலோடு ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குப் பாய்ந்தன. லெமூர் கூட்டங்களில் பெண் விலங்குக்கே முதலிடம். நல்ல பழம் இருந்தால் முதலில் தின்பது அதுவே, ஆண் காத்திருக்கும். இதைக் கேட்டதும் எமது குழுவிலிருந்த அருட்சகோதரி, “இதை ஊர்க் கூட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும்” என்றார். சொல்லிவிட்டோம்.

அன்றிரவு பொழுதுபட்ட பின் மீண்டும் புறப்பட்டோம். இரவில் பூங்காவுக்குள் போக அனுமதியில்லை. ஆகவே காட்டையொட்டிய தார் வீதியோரமாக ரோச் வெளிச்சத்தில் நடந்தோம். ஒரு சிறு கிளையில் இரண்டு கண்கள் நெருப்புத் துண்டுகள் போல மின்னின. எலி லெமூர். அதன் எடை 40 கிராம் அளவே. ஒரு கோழி முட்டையைவிடக் குறைவு. அப்பால் ஒரு இலை நுனியில் விரல் நீளப் பச்சோந்தி வாலைச் சுருட்டிக்கொண்டு உறங்கியது. ஒருவர் விரலை நீட்டிக் காட்டப் போனார். வழிகாட்டி அவரது கையை மெல்லப் பிடித்து, விரலை மடக்கிக் காட்டும்படி சொன்னார். சிலவற்றை விரல் நீட்டிச் சுட்டக்கூடாது என்பது அவர்கள் முன்னோர் வகுத்த விலக்கு. ‘ஃபாடி’ என்று அதைச் சொல்கிறார்கள். ஆய் ஆய் என்னும் இரவு லெமூரைக் கண்டால் கேடு வரும் என்று அஞ்சும் ஊர்களும் உண்டு. எமது ஊர்களில் ஆந்தைக்கு வந்த பழிதான் அதற்கும்.

காட்டை அறிந்தவரும் மொழியை அறிந்தவரும்

மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது வழிகாட்டியிடம் வருமானத்தைப் பற்றிக் கேட்டோம். அவர் ஒளிக்காமல் சொன்னார். தமக்குக் கிடைப்பதில் ஒரு பகுதியே தடம் பார்ப்பவருக்குக் கிடைக்கிறது. “அவர் இல்லாவிட்டால் நான் உங்களுக்கு மரங்களைத்தான் காட்டியிருப்பேன். ஆனால் அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது” என்றார்.

தடம் பார்ப்பவரின் தகப்பனார் இக்காட்டில் சேனை வெட்டியவர். சிறு வயதில் தகப்பனோடு காட்டில் தேன் எடுத்தும், ஓடைகளில் ஆற்றுச் சிங்க இறால் பிடித்தும் வளர்ந்தவர் இவர். எந்த மூங்கில் எப்போது குருத்துவிடும், எந்தச் சத்தம் எந்த விலங்கின் சத்தம் என்பதெல்லாம் அங்கே கற்றது. ஆய்வாளர்கள் நூல்களில் எழுதியிருப்பவற்றிற் பல இப்படிப்பட்டவர்கள் காட்டிக்கொடுத்தவையே. ஆயினும் கூலி மொழிக்கே கூடுதலாகக் கிடைக்கிறது. எமது நாட்டிலும் இதுதானே நடக்கிறது? குளத்தின் நீரோட்டம் அறிந்த கமக்காரர் கூட்டத்தின் கடைசி வாங்கில் இருக்கிறார். படிவம் நிரப்பத் தெரிந்தவர் மேசையில் இருக்கிறார்.

மலையில் எழுந்த புகை

மூன்றாம் நாள் பூங்காவின் எல்லையை ஒட்டிய மேட்டுப் பாதையில் நடந்தோம். எதிர்மலையில் மூன்று இடங்களில் புகை எழுந்தது. ஒக்டோபர், மழைக்கு முன்னர் சேனைக்குத் தீ வைக்கும் காலம். சேனைப் பயிர்ச்செய்கையை அங்கு ‘தாவி’ என்பர். காட்டை வெட்டிக் காயவிட்டு எரித்து, சாம்பலில் மலைநெல் விதைக்கிறார்கள். ஓரிரு போகம் விளைந்தபின் நிலம் சோர்ந்துபோகும். முன்னர் பல ஆண்டுகள் தரிசாக விட்டுத் திரும்பி வந்தார்கள். குடும்பங்கள் பெருகவே, தரிசு விடும் காலம் சுருங்கிற்று. மண் கரைந்து ஆற்றில் போயிற்று. அதனால் மேலும் மேலே வெட்டினார்கள்.

இதைத் தடுக்க முயன்றவர்கள் இன்று நேற்று வந்தவர்கள் அல்லர். 1881இலேயே மெரினா அரசின் சட்டம் காட்டை எரிப்பதைத் தடைசெய்தது. 1896இல் நாட்டைத் தமதாக்கிய பிரெஞ்சுக்காரரும் தடைசெய்தனர். ஆனால் அதே பிரெஞ்சு ஆட்சி பெருந்தோட்டங்களுக்கும் மரத்துக்கும் காட்டைத் திறந்துவிட்டது. 1947 மார்ச் 29இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிழக்குப் பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. படையினர் வந்தபோது இப்பகுதியின் தனாலா மக்கள் உட்பட எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டுக் காட்டுக்குள் ஓடின. பசியாலும் நோயாலும் பலர் அங்கேயே மாண்டனர். ‘தனாலா’ என்பதன் பொருளே ‘காட்டு மக்கள்’ என்பதாம். காடு அவர்களுக்கு வயல், மருந்துக்கடை. ஆபத்தில் ஒளிந்துகொள்ளும் இடமும் அதுவே. காட்டுக்குள் ஓடி ஒளிந்து வாழ்வது எப்படி என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1991இல் பூங்காவின் எல்லை வரையப்பட்டபோது, அதற்குள் சேனை வெட்டவும் வேட்டையாடவும் மரந்தறிக்கவும் தடை வந்தது. சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் இருந்தன. இழப்புக்கு ஈடாக, பூங்கா நுழைவுக் கட்டணத்தில் பாதி சுற்றியுள்ள கிராமங்களின் சிறு திட்டங்களுக்குச் செல்லும் என்ற ஏற்பாடு 1990களில் செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். பாடசாலைக் கட்டடம், விதை, கால்நடை என்று சில ஊர்களுக்கு நன்மை கிடைத்தது. ஆனால் வீதியோரத்து ஊருக்குக் கிடைத்த அளவு, ஒரு நாள் நடந்து போகவேண்டிய ஊருக்குக் கிடைக்கவில்லை. வழிகாட்டி வேலையும் கடையும் விடுதியும் வீதியோரத்தவர்க்கே. காட்டை இழந்ததோ எல்லோரும்.

புகை எழுந்த மலையடியில் ஒரு தாய் மரவள்ளி கிண்டிக்கொண்டிருந்தார். வழிகாட்டி மூலம் பேசினோம். “காட்டை எரிக்காதே என்கிறார்கள். சரி. பிள்ளைகளுக்குச் சோறு எங்கே என்று கேட்டால் பேசாமல் போகிறார்கள்” என்றார் அவர். நாமும் சிறிது நேரம் பேசாமல்தான் நின்றோம்.

காட்டின் அழிவுக்கு அந்தத் தாய் போன்றவர்கள் மாத்திரம் காரணரல்லர் என்பதையும் இங்கு சொல்லவேண்டும். ரனோமபானா உட்பட ஆறு தேசியப் பூங்காக்களை யுனெஸ்கோ 2007இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. 2009இல் அரசியல் குழப்பம் வந்தபோது வடக்கிலுள்ள மசோலா, மறொஜெஜி பூங்காக்களுக்குள் விலையுயர்ந்த செம்மரம் கொள்ளை கொள்ளையாகத் தறிக்கப்பட்டுக் கப்பலேறியது. அதனால் 2010இல் அக்காடுகள் ஆபத்திலுள்ள மரபுரிமைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலிலிருந்து நீங்கியது 2025இல். கப்பலில் போன மரத்தின் இலாபம் மலையடியில் மரவள்ளி கிண்டுபவர் கைக்கு வரவில்லை.

ஒற்றை நாற்றின் கதை

அந்தத் தாயின் கேள்விக்கு விடை தேடியவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் யேசுசபைக் குருவான ஹென்றி டி லோலனியே. 1961இல் மடகஸ்காருக்கு வந்து, கமக்காரரோடு வயலில் இறங்கியே வாழ்ந்தவர். அன்சிராபே நகரில் கிராம இளைஞர்க்கு அவர் விவசாயப் பள்ளி நடத்திய காலத்தில், 1983இல் மழை பிந்திற்று. நாற்று முற்றும்வரை காத்திருக்க நேரமில்லை. வழமையாக ஒரு மாத நாற்றை நடுபவர்கள், அம்முறை 15 நாள் நாற்றையே பிடுங்கி ஒவ்வொன்றாக நட்டார்கள். பயிர் தப்பாது என்று அஞ்சினார்கள். மாறாக, ஒவ்வொரு நாற்றும் இதுவரை கண்டிராத அளவுக்குக் கிளைத்துப் பெருகிற்று.

அந்தப் பிந்திய மழையிலிருந்து ஒரு முறை பிறந்தது. 8 முதல் 12 நாள் வயதுள்ள நாற்று. ஒரு குழிக்கு ஒரே நாற்று. நாற்றுக்கு நாற்று 25 சென்ரிமீற்றர் இடைவெளி. வயலை நீரில் மூழ்கடிக்காமல் ஈரம் காத்தல். சுழல் களைகட்டியால் பலமுறை களைகட்டி மண்ணுக்குக் காற்றூட்டல். இயன்றவரை கூட்டெரு இடுதல். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதைநெல் போதும். இதைப் பரப்புவதற்காக அவரும் அந்நாட்டு நண்பர்களும் 1990இல் ‘தெஃபி சைனா’ என்ற சங்கத்தை அமைத்தனர். ‘மனதைச் செப்பனிடல்’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அடிகளார் 1995இல் காலமானார். 2000ஆம் ஆண்டளவில் இம்முறை இலங்கைக் கமக்காரர் சிலரின் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் இதைச் செம்மை நெல் சாகுபடி என்பர்.

1994 முதல் இச்சங்கத்தினர் ரனோமபானாக் காட்டைச் சுற்றியுள்ள கமக்காரரோடு வேலை செய்தார்கள். நோக்கம் தெளிவானது. பள்ளத்து வயலில் போதிய நெல் விளைந்தால் மலைக் காட்டுக்குத் தீ வைக்க வேண்டிய தேவை குறையும். முன்னர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 புசல் எடுத்தவர்கள், இம்முறையைப் பின்பற்றிய வயல்களில் சராசரியாக 150 புசலுக்கு மேல் எடுத்தார்கள். காட்டைக் காக்க வந்தவர்கள், வயலைத் திருத்தாமல் அது முடியாது என்று கண்டுகொண்ட இடம் இது.

ஆனால் எமது வாசகர்களுக்கு முழுவதையும் சொல்ல வேண்டும். இந்த விளைச்சல் எங்கும் கிடைக்கும் என்பதை எல்லா விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. அதைவிட முக்கியமானது, இம்முறையைத் தொடங்கிய மடகஸ்கார் கமக்காரரில் கணிசமானோர் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டனர் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் சோம்பல் அன்று. நடுகைக் காலமே வீட்டில் அரிசி தீரும் காலம். இளம் நாற்றைக் கவனமாக நடவும் களைகட்டவும் கூடுதல் ஆட்கள் வேண்டும். அந்நாட்களில் ஏழைக் குடும்பம் அன்றாடச் சோற்றுக்காகப் பிறர் வயலில் கூலிக்குப் போய்விடுகிறது. தன் வயலில் நிற்க நேரமில்லை. பள்ளத்தில் வயலே இல்லாத குடும்பத்துக்கோ இந்த முறையால் ஒன்றும் கிடைக்காது. அறிவு இருந்தாலும், அந்த இரண்டு மாதச் சோற்றுக்கு வழி இல்லாவிட்டால் அறிவு வயலில் இறங்காது. ஒருவருக்கொருவர் கைமாற்று வேலை செய்யும் வழக்கமும், ஊர்ச் சங்கத்தில் சேமித்து வைத்த நெல்லும் எத்துணை அவசியம் என்பதை இது காட்டுகிறது.

பயணிகள் வராத ஆண்டுகள்

நாம் திரும்பி வந்த ஐந்தாவது மாதம், 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றுக் காரணமாக மடகஸ்கார் தன் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. பூங்கா வாசலில் எவரும் இல்லை. வழிகாட்டிக்கும் தடம் பார்ப்பவருக்கும் விடுதிச் சமையற்காரருக்கும் ஒரேயடியாக வருமானம் நின்றது. 2022 பெப்ரவரி 5ஆம் திகதி ‘பற்சிராய்’ சூறாவளி கிழக்குக் கரையில் மனன்சாரி நகரருகே கரையேறி, நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. ரனோமபானாவிலிருந்து கடலுக்குச் செல்லும் வீதி முடிவடைவது அந்த மனன்சாரியில்தான்.

வழிகாட்டி நாம் விடைபெறும்போது சொன்ன ஒரு வார்த்தை அப்போது நினைவுக்கு வந்தது. “பயணிகள் வந்தால் சீனி வாங்குவேன்; அரிசி என் வயலில் இருக்கிறது.” அவர் வழிகாட்டியான பின்னரும் தமது வயலை விடவில்லை. அந்தச் சொல்லில் பெரிய பொருளாதாரமே அடங்கியிருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். வெளியார் வருகை மேலதிக வருமானமாக இருக்கலாம். அதையே அடிப்படையாக்கிக்கொண்டால், எங்கோ நடக்கும் ஒன்றினால் இங்கே அடுப்பு அணைந்துவிடும்.

முதியவருக்கு எமது பதில்

ஊருக்குத் திரும்பியதும் அந்த முதியவரிடம் போனோம். ஓம் ஐயா, குரங்கு பார்க்கக் காசு கொடுக்கிற ஆட்கள் இருக்கினம், நாங்களும் கொடுத்தோம் என்றோம். “அந்தக் காசு ஆருக்குப் போகுது?” என்று உடனே கேட்டார். மூன்று நாட் பயணத்தில் நாம் கற்ற முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

இடம்பெயர்ந்து இருந்த ஆண்டுகளில் எமது மக்களின் காணிகளில் பல காடாயின. திரும்பியவர்களிற் சிலர் தமது வரம்பு எதுவென்று தேடியபோது எல்லைக்கல்லையே கண்டனர். யானையும் பன்றியும் தமது பாதையை மாற்றிக்கொண்டுவிட்டன. காடும் வேண்டும். மழைக்கும் குளத்துக்கும் எமது பிள்ளைகளுக்கும் அது வேண்டும். அந்தத் தந்தை லெமூரும் மகளும் நின்ற மூங்கிலைப் பார்த்த எவரும் காடு வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் கல் நட்டு மாத்திரம் எந்தக் காட்டையும் காத்துவிட முடியாது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் போட்டும் மலையில் புகை எழுகிறது. காட்டோரத்தில் வாழும் குடும்பத்தின் பானையில் சோறு இருந்தால், அக்குடும்பமே காட்டுக்கு முதற் காவல். அக்குடும்பத்தைக் கேட்டு எல்லை வரைந்தால், அவர் அறிந்ததற்கு உரிய மதிப்பும் கூலியும் கொடுத்தால், காடு நிற்கும். காட்டுக்கு நல்ல வேலி முட்கம்பியன்று; விளைந்த வயலே.

ஊர்ச் சங்கக் கூட்டங்களில் கலந்துரையாட:

1. எமது ஊரைச் சூழ்ந்த காடு, குளம், விலங்குகள் பற்றி நன்கு அறிந்தவர்கள் யார்? அவர்கள் அறிந்ததை இளைஞர் கற்பதற்கு என்ன செய்திருக்கிறோம்?

2. நடுகைக் காலத்தில் அரிசி தீர்ந்துபோகும் குடும்பங்கள் எமது ஊரில் எத்தனை? அக்காலத்தைத் தாண்ட ஊர்ச் சங்கம் நெல் சேமிக்க முடியுமா?

3. எமது பகுதியைப் பார்க்க வெளியார் வந்தால், அதன் நன்மை வீதியோரத்து வீடுகளோடு நின்றுவிடாமல் பின்னால் உள்ள வீடுகளுக்கும் போய்ச் சேர என்ன ஒழுங்கு செய்யலாம்?